புகைப் பாடு

இன்றைய புகை யாருக்கு என்று முடிவு செய்வது திருமாறன் இல்லை. அனுப்பி வைப்பது மட்டும்தான் அவன் வேலை. அந்த ஒரு சமாதானத்தில்தான் காலையில் அவனுக்கு இட்லி உள்ளே இறங்கியது.

கட்டுப்பாட்டு அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் போன் அடிக்கும். அடித்தது.

"இன்னா இன்ஜினியரே, டீ குடிச்சாச்சா?"

நாகவல்லி. உப்பங்கழியின் வடகரையில், கழிமுனைக் குப்பத்தில் நண்டு வலை போடுகிறவள். இந்த வருஷம் நான்கு குப்பங்களுக்கும் பாடு, அதாவது முறை, பார்க்கிற பொறுப்பு அவளிடம். கலெக்டரே வந்தாலும் 'நீங்க' போட மாட்டாள்.

"ஆச்சுக்கா. இன்னிக்கு யாரு?"

"கோரைக்குப்பம். தெக்கால அனுப்பு. நேத்து எங்களுக்கு நல்லாத்தான் அனுப்பின. மீன் வறுத்த எண்ணெயில கூட உன் சாம்பல்தான் மெதக்குது."

"என் சாம்பல் இல்லக்கா, கம்பெனி சாம்பல்."

"ஆமாமா. நீ போஸ்ட்மேன்தானே. இன்னைக்கு என் தங்கச்சிக்குக் கண்ணாலம், ஞாபகம் கீதா? மத்தியானம் வந்து சாப்ட்டுப் போ. சாம்பல் இல்லாத சாப்பாடு, அதுக்காகவே நாள் பாத்து வெச்சது."

சிரித்துக்கொண்டே போனை வைத்தான். திரையில் இருந்த வட்டத்தை விரலால் தெற்கே நகர்த்தினான். ஜன்னலுக்கு வெளியே, அனல் மின் நிலையத்தின் சிம்னி உச்சியில் தொங்கிய கருத்த புகை கொஞ்சம் தயங்கியது. பிறகு தூக்கக் கலக்கத்தில் புரண்டு படுப்பதுபோலத் தெற்கே சாய்ந்தது. பொறியாளர்கள் இந்த ஏற்பாட்டுக்கு வைத்த பெயர் சுக்கான். குப்பத்துக்காரர்கள் புகைக்கு வைத்த பெயர் வால்.

கேமராவில் கழிமுனையிலிருந்து ஒரு படகு கோரைக்குப்பம் பக்கம் போவது தெரிந்தது. நடுவில் கூடை. தினமும் ஏதாவது ஒரு குப்பத்துக்கு இப்படிப் படகுகள் போகும். காலை வியாபாரம் என்று நினைத்துக்கொள்வான். அதற்கு மேல் யோசித்ததில்லை.

யோசிக்க அவனுக்கு வேறு விஷயம் இருந்தது. கம்பெனிக் குடியிருப்பு ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள், அவனுடைய மகள் இருந்தாள்.

* * *

மாதம் நிறையும் முன்பே அவசரப்பட்டு வந்துவிட்டவள். உள்ளங்கையில் வைத்தால் மிச்சம் இடம் இருக்கும். நுரையீரல் இன்னும் சரியாக விரியவில்லை என்று டாக்டர் பர்வீன் சொல்லியிருந்தார்.

டிபன் டப்பாவோடு திருமாறன் போனபோது அவன் மனைவி வினோதா பெட்டியின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கரூரிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. இந்த ஊரில் அவளுக்கு எல்லாமே கேள்விதான்.

"என்னங்க, இந்தப் பெட்டிக்குக் கரண்ட் நம்ம பிளான்ட்ல இருந்துதான் வருதா?"

"ஆமா."

"அப்ப பாப்பா நிலக்கரியிலதான் மூச்சு விடறா."

அவன் டப்பாவைத் திறந்தான்.

"புகையை எப்படிங்க திருப்பறீங்க? காத்து இழுத்த பக்கம்தானே போகணும்?"

"சிம்னி வாயிலேயே சாம்பலுக்கு மின்சாரம் ஏத்திடுவோம். வானத்துல நாலு பக்கமும் பலூன் வரிசை கட்டி வெச்சிருக்கோம். எந்த வரிசையை உசுப்பறமோ, அந்தப் பக்கம் வால் இழுபடும். சீப்பைத் தலையில தேச்சுட்டு காகிதத் துண்டுகிட்டக் கொண்டு போனா ஒட்டுமில்ல, அதோட பெரியண்ணன்."

"கடல் பக்கம் தள்ளிட்டா யாருக்கும் தொல்லை இல்லையே."

"தள்ளிப் பாத்தாங்க. சாயங்காலம் கடல்காத்து திருப்பிக் கொண்டுவந்து போட்டுடுது. எங்கயாவது இறங்கித்தான் ஆகணும் வினோ. முன்னாடியெல்லாம் எல்லார் மேலயும் தினமும் கொஞ்சம் கொஞ்சமா விழும். யாருக்கு எப்ப விழும்னு தெரியாது. சுக்கான் வந்ததும் குப்பத்துக்காரங்க ஆபீசுக்கு வந்து உக்காந்துட்டாங்க. 'கழியில எந்த எடத்துல யாரு வல போடறதுன்னு நாங்க கொலுக்கிப் போட்டு மொற வெச்சிக்கிறோம். அதுக்குப் பேரு பாடு. புகைக்கும் பாடு வெச்சிக்கிறோம். நீ உன் இஷ்டத்துக்கு அனுப்பாத'ன்னாங்க. பாடு விழுந்த ஊர்ல அன்னிக்கு கருவாடு காய வைக்க மாட்டாங்க, ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டிடுவாங்க. மத்த ஊரெல்லாம் அன்னிக்குத் துணி காயப்போடும், கல்யாணம் பண்ணும்."

வினோதா குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாம்பலைப் பிடிக்க வடிகட்டின்னு ஒண்ணு இருக்குமே?"

"இருக்கு. பாதி வேலை செய்யல. ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் பாக்கலாம்பாரு சுந்தரவரதன் சார். வால் நம்ம பக்கம் வர்றதே இல்ல, யாருக்கு அவசரம்?"

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவன் காதிலேயே விழுந்தது.

* * *

மத்தியானம் கல்யாணச் சாப்பாட்டுக்குக் கிளம்ப ஹெல்மெட்டைக் கையில் எடுத்திருந்தான். அப்போதுதான் அந்தச் சத்தம். நாட்டு வெடி வெடித்த மாதிரி, வானத்தில்.

ஓடி வந்து திரையைப் பார்த்தான். கடல்காற்று திடீரென்று வேகம் பிடித்து, தெற்கு வரிசைப் பலூன்களின் கம்பியை அறுத்துப் போட்டிருந்தது. பிடி விட்ட வால் வானத்தில் அலைந்தது. மெல்ல, கிழக்குக் காற்றின் தள்ளலில், மேற்கே தலையைத் திருப்பியது.

மேற்கே குடியிருப்பு. குடியிருப்பின் நடுவில் ஆஸ்பத்திரி.

தலைமைப் பொறியாளர் சுந்தரவரதன் சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே உள்ளே வந்தார். "என்னய்யா மிச்சம் இருக்கு?"

"வடக்கு வரிசை மட்டும்தான் தாங்கும் சார். கழிமுனை பக்கம். இல்லேன்னா காத்தே மேற்கால தள்ளிடும்."

"அப்பறம் என்ன யோசனை? கழிமுனைக்குத் திருப்பு."

"சார், அவங்க பாடு நேத்துதான் முடிஞ்சது. இன்னிக்கு அங்க கல்யாணம்."

"உன் குழந்தை எங்கய்யா இருக்கு?"

மேஜையில் போன் அதிர்ந்தது. டாக்டர் பர்வீன்.

"திருமாறன், வானத்தைப் பாத்தேன். நம்ம வார்டுல சாதாரண ஏ.சி.தான் இருக்கு, வெளிக்காத்துதான் உள்ள வரும். பெட்டியில மூணு குழந்தைங்க. இந்தப் புகை உள்ள வந்தா என்னால எதுவும் பண்ண முடியாது. நகர்த்தவும் முடியாது. எவ்வளவு நேரம் இருக்கு?"

"கொஞ்சம் பொறுங்க டாக்டர்." போனை வைத்தான். "யூனிட்டை நிறுத்திடலாமா சார்?"

"ஓடறதைப் பட்டுனு நிறுத்தினா நகரம் பாதி இருட்டாயிடும். அந்தப் பெட்டிக்கும் இங்கருந்துதான் கரண்ட், மறந்துட்டியா? திருப்புய்யா. கேக்கறதுக்கு இதுல என்ன இருக்கு?"

விரல் வட்டத்தின் மேல் இருந்தது. ஒரு இழுப்பு போதும். யாரும் அவனைக் கேட்கப்போவதில்லை. ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த அன்றே குப்பத்துக்காரர்களிடம் ஒன்று ஒப்புக்கொண்டிருந்தான். பாடு மாற்றுவதாக இருந்தால் பாட்டுக்காரர்களை, அதாவது பாடு உள்ள ஊர்க்காரர்களை, கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

நாகவல்லிக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது.

"எங்கய்யா கீற? எலை போட்டுட்டாங்க."

"அக்கா, தெற்கு கம்பி அறுந்துருச்சு. உங்க பக்கம் திருப்பினாத்தான் உண்டு. இல்லேன்னா ஆஸ்பத்திரி மேல போகும். என் பொண்ணு பெட்டியில இருக்காக்கா. நேத்துதான் உங்க பாடு, தெரியும். கல்யாணம், அதுவும் தெரியும். கேக்க எனக்கு வாயே வரல."

நாகவல்லி போனைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ கத்துவது கேட்டது. பேண்டு நின்றது.

"இன்ஜினியரே."

"அக்கா."

"தாலி ஏறியாச்சு. சோத்தத்தான் மூடணும். ஒரு அஞ்சு நிமிசம் குடு, கொழந்தைங்களயும் பெருசுங்களயும் ஸ்கூலுக்குள்ள ஏத்திட்றேன். அப்பால திருப்பிக்க." ஒரு கணம் நிறுத்தினாள். "பொண்ணா பொறந்துது? சொல்லவே இல்ல பாரு."

கேமராவில் அவன் பார்த்தான். குண்டான்களைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் ஓடினார்கள். பெண்கள் பந்தலின் துணியை அவிழ்த்துச் சாம்பார் மேல் போட்டார்கள். பட்டுப்புடவையில் கல்யாணப் பெண்ணே இரண்டு கிழவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள். முற்றம் காலியானதும், நடுவில் ஒருத்தி மட்டும் நின்று சிம்னியைப் பார்த்து, வரட்டும் என்பதுபோலக் கையை அசைத்தாள்.

திருமாறன் வாலை வடக்கே திருப்பினான். கண்ணைத் துடைத்துக்கொண்டதை சுந்தரவரதன் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

* * *

மகள் பெட்டியை விட்டு வெளியே வந்து, அம்மா மடியில் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, திருமாறன் படகேறிக் கழிமுனைக்குப் போனான். கையில் லட்டுப் பெட்டி, கல்யாணப் பெண்ணுக்கு ஒரு புடவை. வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.

கழித் தண்ணீர் வெந்நீர்போல் இருந்தது. ஆலையைக் குளிரவைத்த தண்ணீர் இங்கேதான் வந்து விழுகிறது. படகுக்காரர் அடிமணலைத் துடுப்பால் கிளறிக் காட்டினார். சாம்பல் சேறு. "எறா இருந்த எடம் சார் இது" என்றார்.

கோயில் வாசலில் நான்கு குப்பத்துக்காரர்களும் கூடியிருந்தார்கள். வரும் வாரத்துக்குப் பாடு போடும் நாள். அவனைப் பார்த்ததும் பெண்கள் கூட்டத்தில் ஒரே சிரிப்பு.

"தே, போஸ்ட்மேனு வந்துட்டாரு."

"இந்த வாட்டி கையில லட்டோட வந்துகிறாரு, சாம்பல் இல்ல."

மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் ஆவியாகிவிட்டது. "அக்கா" என்றான் நாகவல்லியிடம். "பாப்பா வீட்டுக்கு வந்துட்டா." லட்டுப் பெட்டியை நீட்டினான்.

"அத்த மொதல்ல சொல்லு. நல்லாத் தூங்குறாளா?"

"எங்களைத் தூங்க விடறதில்லக்கா."

"அப்போ நல்லாக்கீறா." லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். "குந்து. பாடு போட்டுட்டு வரேன்."

பித்தளைக் குடம் ஒன்றில் வலையில் கட்டும் மிதப்புக் கட்டைகளைப் போட்டாள். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு ஊரின் அடையாளம், சூடு போட்டது. நண்டு என்றால் கழிமுனை. கோரைப்புல் என்றால் கோரைக்குப்பம். தோணி, தோணித்துறை. மணல்மேடு, ஆண்டிமணல். ஐந்தாவதாக ஒரு கட்டை அவள் கையிலிருந்து விழும்போது திருமாறன் பார்த்துவிட்டான். அதில் இருந்தது ஒரு மின்விளக்கு.

"அக்கா, அது யாரு?"

"எது? அதுவா, நீங்கோதான். குடியிருப்பு."

"எங்களை யாரு சேத்தது?"

"சேக்காம? கழியச் சுத்திக் குடி கீறவன் எல்லாம் பாட்டுக்காரன்தான். உன்ன வுட்டுட்டுப் பாடு போட்டா அது பாடே இல்ல."

"எங்க பக்கம் ஒரு நாள் கூட வால் வந்ததில்லையேக்கா."

நாகவல்லி குடத்தைக் குலுக்குவதை நிறுத்தினாள்.

"உங்க கட்ட வர்ற அன்னைக்கு இன்னொரு கட்ட எடுப்போம். அது யாருதோ, அவுங்க வாங்கிக்குவாங்க. ஆஸ்பத்திரி அங்க கீது இல்ல? என் ரெண்டு பசங்களும் அந்தப் பர்வீன் டாக்டரம்மா கையிலதான் பொறந்தாங்கோ. என் வூட்டுக்காரருக்கு நெஞ்சு அடைச்சப்போ அங்கதான் தூக்கினு ஓடினோம். அது மேலயா புகைய வுட முடியும்?"

சுக்கான் வந்த நாளிலிருந்து, வாராவாரம். தன் சுத்தமான வானத்தைத் திருமாறன் நினைத்துப் பார்த்தான். கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகளையும்.

கரையில் ஒரு படகு கூடையோடு கிளம்பிக்கொண்டிருந்தது. எதற்கோ கேட்பதுபோல அவன் கேட்டான். "அந்தக் கூடை தினமும் போகுதே, வியாபாரமா?"

ஒரு கிழவர் உரக்கச் சிரித்தார். நாகவல்லிதான் பதில் சொன்னாள். "யாவாரம் இல்ல. பாட்டு மீன். சாம்பல் வாங்கிக்கிற ஊருக்கு, நல்ல காத்து வாங்கிக்கிற ஊருங்கோ அன்னைக்கு முத மீன் அனுப்பணும். அவன் நமக்காக மூடினு உள்ள குந்திகிறான் இல்ல?"

"எங்க நாளை நீங்க வாங்கிக்கிட்டப்போ, உங்களுக்கு நாங்க..."

"வுடு" என்றாள் அவள். "உங்களுக்குத் தெரியாது."

குடத்தை மறுபடி குலுக்கினாள். கையை விட்டு எடுத்தாள். வியாழக்கிழமைக்கு வந்தது மின்விளக்கு. வழக்கம்போல இன்னொரு கட்டை எடுக்கக் கை குடத்துக்குள் போனது.

"எடுக்காதீங்கக்கா" என்றான் திருமாறன்.

* * *

அடுத்து வந்த நாட்கள் ஓட்டம்தான். டாக்டர் பர்வீனும் அவனும் நடையாய் நடந்து, குழந்தைகள் வார்டுக்கும் நோயாளிகள் படுக்கும் அறைகளுக்கும் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் வாங்கி மாட்டவைத்தார்கள். ஆஸ்பத்திரி விஷயம் என்றதும் கம்பெனி கேள்வி கேட்காமல் கொடுத்தது. கேள்வி எல்லாம் குடியிருப்பு மன்றக் கூட்டத்தில்தான் வந்தது.

"நாம ஏன்மா வாங்கிக்கணும்?" என்று ஒரு அதிகாரியின் மனைவி கேட்டார். "எனக்கு வீசிங் இருக்கு."

வினோதா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே எழுந்தாள். மேடைப் பேச்செல்லாம் அவளுக்கு வராது.

"அங்கயும் வீசிங் இருக்குங்க. இவளுக்காக அன்னிக்கு அவங்க கல்யாண வீட்டுச் சாம்பாரை மூடி வெச்சாங்க. நாம ஒரு நாள் ஜன்னலை மூடி வைக்க மாட்டமா? முடியாதவங்க ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க, அங்க காத்து நல்லாருக்கும். நான் எல்லாருக்கும் காபி போடறேன்."

யாரோ சிரித்தார்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. புதன்கிழமை மாலையே நாலைந்து கார்கள் நகரத்தைப் பார்த்துக் கிளம்பின. ஆனால் மற்றவர்கள் இருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை சுந்தரவரதன் கட்டுப்பாட்டு அறை வாசலிலேயே நின்றார்.

"நீ வாலைக் குடியிருப்புக்குத் திருப்பினா நான் நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்."

"எடுங்க சார். ஆனா காரணம் போடணும். மக்கள் இருக்கற எடத்துக்குப் புகை அனுப்பினான்னு போட்டா, இத்தனை நாள் அனுப்பினது எங்கன்னு கேப்பாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். வீட்டுக்குப் போய்விட்டார்.

திருமாறன் வட்டத்தை மேற்கே நகர்த்தினான்.

வேலை முடிந்து வந்தபோது குடியிருப்பு அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. சூரியன் பழைய பித்தளைத் தட்டுபோல மங்கியிருந்தது. ஸ்கூட்டர் சீட்டில் விரலால் பேர் எழுதலாம். துளசிச் செடி சாம்பல் பூத்து நின்றது. தொண்டையில் துரு ருசி. வீட்டுக்குள் வினோதா ஜன்னல்களுக்கு ஈரத்துணி கட்டியிருந்தாள். குழந்தையை மட்டும் காலையிலேயே வார்டில் டாக்டர் பர்வீனிடம் கொண்டுபோய் விட்டிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது.

முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நாகவல்லி நின்றிருந்தாள். இடுப்பில் கூடை. பின்னால் தெருவில் இன்னும் மூன்று பேர், ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒருவர், வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாட்டு மீன்" என்றாள். "மடவ. சின்னதுதான், கழி சுட்டுப் போச்சில்ல, பெருசு வர்றதில்ல. மூணு தண்ணி கழுவும்மா. வர்ற வழியிலயே சாம்பல் பூசிக்கிச்சு."

வினோதா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு நாகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாகவல்லி வடக்கே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புகைக்கு அந்தப் பக்கம், தூரத்தில், கழிமுனையின் மேல் வானம் நீலமாக இருந்தது. கோயில் பக்கத்தில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

"இங்கருந்து பாக்கறப்போ எங்க ஊரு அழகாத்தான் கீது" என்றாள். "நான் பாத்ததே இல்ல."

வினோதாவுக்குத்தான் திடீரென்று ஒரு கவலை வந்தது.

"அக்கா, நாளைக்கு ஆண்டிமணல் பாடு. நல்ல காத்து எங்களுக்கு. நாங்க எதை அனுப்பறது? எங்ககிட்ட மீன் இல்லையே."

நாகவல்லி சிம்னியை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் திருமாறனைப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்ககிட்ட கீறது அதுதான். அத்தக் கொஞ்சம் கொறைச்சு அனுப்புங்கோ, போதும்."

அவள் அடுத்த தெருவுக்குப் போனதும் திருமாறன் போனை எடுத்தான். சுந்தரவரதனின் வீட்டு எண். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தார். பேசுவதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. பின்னால் அவர் மனைவி ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கத்துவது கேட்டது.

"சார், அந்த வடிகட்டி..."

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்ற பதிலுக்குத் திருமாறன் காத்திருந்தான்.

இருமல் அடங்க நேரமானது. அடங்கியதும் அவர் கேட்டார்.

"எப்பய்யா ஆரம்பிக்கலாம்?"